கீழ்ப்பூச்சு

எங்கள் வீட்டுக்கும் ரேடியோ வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். கட்டியவன் பாதிச் செங்கல்லைத் தின்றுவிட்டான் என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை திட்டிக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு அந்தச் சுவர்தான் எனக்குத் துணையாகிப்போனது. இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் அவர்களுடைய பூச்சுக் கொட்டகை. காலையில் நான் ஊசியில் நூல் கோக்கிறபோதே அங்கே ரேடியோ பேச ஆரம்பித்திருப்பான்.

ரேடியோ என்பது தெரு வைத்த பெயர். அவனுடைய அக்கா அவனைவிட நான்கு வயது மூத்தவள். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அக்காவாகிவிட்டாள். என்னைவிட ஏழு வயது இளையவள், ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா தொழிலை இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் கல்யாணம் பேச ஆள் இல்லை. பேச வந்த ஓரிருவரும் வாசலோடு திரும்பினார்கள். அப்படியே அவளுக்கு நாற்பத்தெட்டு, அவனுக்கு நாற்பத்துநாலு ஆகிவிட்டது.

"பால் வாங்கப் போனேனா, மூலைக் கடைக்காரர் கடைச் சாவிய வீட்டுலயே வெச்சுட்டு வந்து பூட்டப் பாத்துக்கிட்டு நிக்கறார்" என்பான்.

"ம்" என்பாள் அக்கா.

"அவர் வீட்டுக்காரம்மா சாவிய எடுத்துக்கிட்டு இந்த வழியா வர்றாங்க, இவரு அந்த வழியா வீட்டுக்கு ஓடறாரு."

"ம்."

இப்படியே மத்தியானம் வரை ஓடும். அவன் பத்து வார்த்தை, அவள் ஒரு ம். இந்தப் பெண்ணின் காது எப்படித்தான் தாங்குகிறதோ என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நானும் வேலை செய்தேன். தெருவில் நடப்பதெல்லாம் எனக்கு அந்தச் சுவர் வழியாகத்தான் வந்தது.

அவர்கள் வேலை பீங்கான் சாமானுக்குப் பூச்சு ஏற்றுவது. முதல் சூடு போட்ட கோப்பைகளும் ஜாடிகளும் வனைகிற இடத்திலிருந்து கூடையில் வந்து இறங்கும். இங்கே இரண்டு பூச்சு ஏறும். கீழ்ப்பூச்சு வாளியில் செங்கல் கரைத்த மாதிரி சிவப்பாக இருக்கும். அதற்குப் பெயர் கறுப்பு. மேல்பூச்சு அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதற்குப் பெயர் வெள்ளை. நான் புதிதாகக் குடிவந்தபோது இவர்கள் இருவருக்கும் கண்ணில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். சூளைக்குள் போய்விட்டு வந்தால் சிவப்பு கறுப்பாகும், சாம்பல் வெள்ளையாகும் என்று அவன்தான் எனக்கு அரை மணி நேரம் விளக்கினான்.

அக்கா கோப்பையைக் கறுப்பில் முக்கி எடுத்து வைப்பாள். காய்ந்ததும் அவன் உருக்கிய மெழுகைத் தூரிகையில் தொட்டு அதன்மேல் ஒரு மீனோ இலையோ வரைவான். பிறகு அவனே வெள்ளையில் முக்குவான். மெழுகு பட்ட இடத்தில் வெள்ளை ஒட்டாது. சூளையில் மெழுகு எரிந்துபோய், வெள்ளைக்கு நடுவே கறுப்பு மீன் நிற்கும். அதோடு போகாது. மீனைச் சுற்றி அடியிலிருக்கும் கறுப்பு மேலே கொதித்து வந்து, இரண்டு வாளியிலும் இல்லாத ஒரு நீலம் இழை இழையாக இறங்கும். அந்த நீலத்துக்காகத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் தேடி வந்தார்கள். அது முழுக்க முழுக்கக் கீழ்ப்பூச்சின் கனத்தில் இருக்கிற விஷயம். கொஞ்சம் மெலிந்தால் நீலம் எட்டிக்கூடப் பார்க்காது. கொஞ்சம் கூடினால் இரண்டும் சேர்ந்து வழிந்து, சூளைத் தட்டோடு தட்டாக ஒட்டிக்கொள்ளும்.

இப்படித் தேடி வந்தவர்களில் ஒருவர் தராசுக்காரர். மாதம் ஒரு தடவை ரயிலேறி வந்து கடைத்தெருவில் தராசுகளைப் பழுது பார்த்துவிட்டுப் போவார். மனைவி இறந்து ஆறு வருடமாகிவிட்டது. போகும்போது அக்காவிடம் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு போவார், ஒன்றே ஒன்று. அவர் ஏழாவது கோப்பை வாங்கிய மாதம்தான் எனக்குப் புத்தியில் உறைத்தது. பதினொன்றாவது கோப்பையோடு அவர் என் கடைக்கு வந்து, தைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சட்டையை நீட்டிவிட்டு நின்றார்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதுங்க" என்றார். "வீட்டுல பதினோரு கோப்பை இருக்கு. டீ குடிக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லணும்."

நான் போனபோது அக்கா அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். முட்டையை உடைத்து ஊற்றினாள், உப்புப் போட்டாள், திருப்பினாள். முகத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத முகம் அது. மறைத்துப் பழகும்படி அதற்கு முன் எதுவும் வந்ததில்லை. இந்த வயதிலா என்று ஒரு தடவை கேட்டாள். ஊர் சிரிக்காதா என்றாள். சிரிக்கிற ஊரில் எவன் உனக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தான் என்று நான் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"தம்பி தனியா ஒரு சூளை எடுக்கட்டும், டெய்லரம்மா. கீழ்ப்பூச்சும் அவனே போடட்டும். நான் கிட்டயே வர மாட்டேன். நீலம் வந்துச்சுன்னா நான் போறேன். வரலன்னா, அவரை மன்னிச்சுக்கச் சொல்லிடுங்க."

ஏன் இப்படி ஒரு முடிச்சுப் போடுகிறாய் என்று கோபப்பட்டேன். அவன் சின்னக் குழந்தையா?

"சாப்பாட்டுக்கு ஏதாவது வழி பண்ணிக்குவான். வேலை இல்லன்னா அவன் யாரு? சொல்லுங்க" என்றாள்.

ரேடியோவிடம் சொன்னபோது அவன் சிரித்தான். முப்பது வருடத்துக்கு மேலாக எதிரே உட்கார்ந்து பார்த்த வேலைதானே, இதற்குப் போய்ப் பரீட்சையா என்றான். கொட்டகைச் சாவியை அக்கா தானே கழற்றி அவன் கையில் கொடுத்தாள். தராசுக்காரர் மறுபடி வர மூன்று வாரம் இருந்தது.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. என் கடைக்குள் துணியெல்லாம் சில்லிட்டு, கத்தரிக்கோல் பிடியில் பிசுபிசுப்பு ஏறிவிட்டது. அக்கா காலையில் வந்து என் எதிரே உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைப்பாள். மண்ணில் அவ்வளவு நிதானமான கைக்குத் துணியில் ஒரு கொக்கி நேராக உட்காரவில்லை. அவள் போன பிறகு பாதியைப் பிரித்து நான் மறுபடி தைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

சுவர் பேசவில்லை. முதல் நாள் காலை இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாளியில் துடுப்புப் போட்டுக் கலக்குகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் சொட்டுகிற சத்தம். அவ்வளவுதான்.

"உடம்பு கிடம்பு சரியில்லையோ" என்றாள் அக்கா. "அவன் வாய மூடி நான் பாத்ததே இல்லியே."

தனியாக யாரோடு பேசுவான் என்றேன். அதுவும் சரிதான் என்று தலையாட்டினாள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. பெடலில் கால் ஓடுகிறது, நிற்கிறது, எங்கே நிறுத்துவது என்று காலுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக என் தையல்கூட அந்த வீட்டுத் தாளத்தில்தான் ஓடியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் பேசும்வரை ஒரு ஓட்டம், அவள் ம் என்றதும் ஒரு நிறுத்தம். மூன்றாம் நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று புரிந்தது. கொட்டகைக்குள் எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். அவன் ஒரு பேச்சைத் தொடங்குவான். அவள் கோப்பையை உள்ளே விடுவாள். பேச்சு முடியும், ம் என்றபடி வெளியே எடுப்பாள். அந்த வீட்டில் கடிகாரம் கிடையாது, எண்ணுகிறவர்களும் கிடையாது. அவன் பேச்சுத்தான் கணக்கு. இது அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது என்று நினைத்தேன். அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். சொன்னால் அவள் அந்த நிமிடமே எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவாள், பிறகு எந்தக் காலத்திலும் வெளியே வர மாட்டாள்.

இரண்டாவது வாரம் அவன் சூளை போட்டான். ஆறுவதற்கு இரண்டு நாள் விட்டு, அக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்துத் திறந்திருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் உளி அடிக்கிற சத்தம் கேட்டது. நான் மெஷினை விட்டுவிட்டு ஓடினேன்.

தட்டோடு தட்டாக எல்லாம் ஒட்டிக் கிடந்தன. மேல் வரிசையில் நீலமே இல்லாமல் வெறும் வெள்ளையாக ஐந்தாறு கோப்பை. மற்றதெல்லாம் வழிந்து, மீனின் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாக இழுபட்டுக் கிடந்தது. அவன் முழங்கை வரை சிவப்புக் கறையோடு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உளியால் பெயர்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க, டெய்லரம்மா."

நான் கண்டுபிடித்ததைப் பெரிய ரகசியம்போலச் சொன்னேன். நீ பேசாமல் வேலை செய்கிறாய், அதனால்தான் நேரம் தப்புகிறது என்றேன்.

"தெரியும்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் உளியைக் கீழே வைத்தான்.

"எங்கப்பா எண்ணித்தான் முக்கச் சொல்வாரு. எண்ணிக்கை தப்புனா அகப்பையால அக்கா மணிக்கட்டுலயே ஒண்ணு வெப்பாரு. அப்புறம் அவளுக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சாலே கை நடுங்கும். நடுங்குனா பூச்சு திட்டுத் திட்டா ஏறும், அதுக்கும் அடி. எனக்கு அப்ப பத்து வயசு. ஒருநாள் அவ முக்கறப்ப எதையோ உளறினேன். ம்னா. கை நின்னுடுச்சு. அன்னிலேர்ந்து பேசறேன்."

"இத்தனை வருஷமாவா?"

"எதிர்ல உக்காந்தா ஜாடிக்குள்ளேர்ந்து முட்டை முட்டையா காத்து வர்றது தெரியும். மண்ணு குடிக்குதுன்னு அர்த்தம். அது குறையற வரைக்கும் பேச்ச இழுப்பேன். கோப்பைன்னா சின்னப் பேச்சு, ஜாடின்னா பெருசு. மழைநாள்னா இன்னும் கொஞ்சம். தெருவெல்லாம் சுத்தி விஷயம் பொறுக்கிட்டு வருவேன். இல்லன்னா எனக்கு என்னங்க பேச இருக்கு? நான் பேசறவனே இல்ல."

ஊரே ரேடியோ என்று கூப்பிட்ட மனிதன். நானும்தான் கூப்பிட்டேன். இப்போதும் அப்படியே பேசிக்கொண்டு முக்கலாமே என்று கேட்டேன்.

"பாத்தேன். பேசினா என் கை ஆடுது. பேசலன்னா நேரம் தெரியல. கடிகாரம் இரவல் வாங்கி வெச்சும் பாத்தேன், கடிகாரத்துக்கு மழை தெரியல." சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினான். "ஒரு வருஷம் விட்டா கை பழகிக்கும். ஒரு வாரம்தான் இருக்கு. அவ போகணும், டெய்லரம்மா. போகலன்னா எங்கப்பன் அவளை இன்னும் விடலன்னு அர்த்தம்."

பிறகு அவன் கேட்டதற்கு நான் உடன்பட்டேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டு ஓடு ஒழுகுவதால், போன கோடையில் கட்டி வைத்த சாமான் பெட்டி நாலு என் வீட்டுப் பரணில் இருந்தது. அக்காவும் அவனும் சேர்ந்து செய்த கோப்பைகள்தான் அதில். அதை அவனுக்கு இறக்கிக் கொடுத்தேன். முதலில் போட்ட சூளை வெறும் முன்னோட்டம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டான். நிஜச் சூளை என்று இன்னொன்று எரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குத் தெரிந்துபோகும். அவன் ஒரு பகல் முழுக்கக் காலிச் சூளையை எரித்தான். மழையில் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. அக்கா என் கடை வாசலில் நின்று புகையின் நிறத்தைப் பார்த்து, சூடு நன்றாகப் பிடித்திருக்கிறது என்றாள். நான் உள்ளே போய்த் துணியை மடித்தேன். மடிக்க வேண்டிய துணி ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் பட்டன் வாங்கிவரச் சொல்லி அவளைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். அந்த நேரத்தில் அவன் பெட்டிகளைப் பிரித்துச் சூளைக்குள் அடுக்கினான். அவள் வந்ததும் கூப்பிட்டான். மூன்று பேரும் போனோம். கதவை அவனே திறந்தான். தட்டுத் தட்டாக வெள்ளை, கறுப்பு மீன், அதைச் சுற்றி நீலம். எனக்கே ஒரு நிமிடம் நிஜமென்று தோன்றியது.

அக்கா ஒரு கோப்பையை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். கவிழ்த்து அடி விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான், மழைக்காக எப்படித் தண்ணீரைக் குறைத்தான், முதலில் எப்படிப் பயமாக இருந்தது, பிறகு எப்படிக் கை தானாக ஓடியது என்று. நீளமாகப் பேசினான். அவள் கோப்பையை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"நல்லா வந்திருக்குடா" என்றாள்.

அந்த வாரமே தராசுக்காரர் வந்ததும் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு நானும் ரேடியோவும் போட்டோம். நான் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையில் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன்போல நின்றான். திரும்பி வந்து நான்கு பேரும் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். தராசுக்காரர் எல்லோருக்கும் தானே டீ ஊற்றினார். அவர் கை ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

ரயிலடிக்கு ரேடியோ வரவில்லை. வாளிகள் இரண்டும் திறந்தபடி கிடக்கின்றன என்று ஏதோ சொன்னான். தராசுக்காரர் பெட்டியை ஏற்றப் போனபோது நானும் அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் அவனைப் பற்றிக் கவலையில்லை, அவன்தான் ஒரு சூளை எடுத்துவிட்டானே என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் முக்குன கோப்பை எனக்குத் தெரியாதா, டெய்லரம்மா? அடி விளிம்பத் தொடச்சது என் வெரலு."

தெரிந்துமா வந்தாய் என்று கேட்டேன்.

"எனக்குப் போகணும்னு இருந்துச்சு" என்றாள். "அவன் பொய் சொன்னான். நான் அத கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். வேற என்ன சொல்ல?" கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டாள். "ஒண்ணே ஒண்ணு. தினம் அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேச்சுக் குடுங்க. அவனால பேசாம இருக்க முடியாது. பேசாம இருந்தா செத்துடுவான் அவன்."

சரி என்றேன். அவன் பேசுகிறவன் இல்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ரயில் அவள் இல்லாமல்தான் போயிருக்கும்.

வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று மறுநாள் டீயோடு கொட்டகைக்குப் போனேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். மழையைப் பற்றிச் சொன்னேன், கேட்டுக்கொண்டான். தெருவைப் பற்றிச் சொன்னேன், கேட்டுக்கொண்டான். கோப்பையைக் கழுவிக் கொடுத்தான். இப்படி நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் நான் போகவில்லை. ஒருவர் தனியாக இருக்க விரும்பினால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கும் ஒரு வீம்பு வந்துவிட்டது. அவன் வேலை நடந்தது. வெள்ளை மட்டும் முக்கின, ஒன்றுமே இல்லாத கோப்பைகள் கொட்டகை வாசலில் அடுக்கியிருந்தன. ஒற்றைப் பூச்சு. தேடி வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்துச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் என் கடைக்கு வந்தான். கையில் தைக்க ஒன்றும் இல்லை. வாசலில் நின்றபடி, இன்றைக்குத் தெருவில் என்ன நடந்தது என்று கேட்டான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பால்காரரின் சைக்கிள் பள்ளத்தில் இறங்கி, பாலெல்லாம் நாய்க்குப் போன கதையைச் சொன்னேன். எந்தப் பள்ளம், எந்த நாய் என்று துருவிக் கேட்டான். தலையாட்டிவிட்டுப் போனான். ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபோன் அடித்தது.

"அக்கா, இன்னிக்கு ஒரு கூத்து கேளு. நம்ம பால்காரர் இருக்காரே..."

பள்ளம், நாய் எல்லாம் வந்தது. நான் சொல்லாதது ஒன்றிரண்டையும் சேர்த்துக்கொண்டான். சூளையில் நீலம் எப்படி வருகிறது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். இந்தத் தடவை மேல் தட்டு இரண்டும் பிரமாதம் என்றான். கால் மணி நேரம் ஓயாமல் பேசினான். ஃபோனை வைத்த பிறகு கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.

அதிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு வருகிறான். நானும் காலையிலிருந்தே வாசல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு தைக்கிறேன். நேற்று நாள் முழுக்க மழை. ஒரு கடை திறக்கவில்லை, ஒரு ஆள் நடமாட்டமில்லை. அவன் நனைந்துகொண்டு வந்து நின்றான். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அவன் போகவில்லை, நின்றான். ஏழு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"உள்ள வந்து உக்காரு" என்றேன். துவட்டிக்கொள்ள ஒரு துண்டுத் துணியைக் கொடுத்துவிட்டு, தபால்காரருக்கும் ரொட்டிக் கடைக்காரருக்கும் ஒரு குடைக்காக நடந்த சண்டையை முதலிலிருந்து இட்டுக்கட்டிச் சொல்ல ஆரம்பித்தேன்.